டூபாக் ஷகூர்: பெயரிலேயே கலகத்தைச் சுமந்த ராப் பாடகர்

1971 மே மாதம். நியூயார்க் நீதிமன்றத்தில் நிறைமாத கர்ப்பிணி ஒருவர், வக்கீல் வைக்காமல் தானே வாதாடி விடுதலையானார். குண்டு வைக்கச் சதி செய்ததாக அவர் மீதும் பிளாக் பாந்தர் கட்சித் தோழர்கள் மீதும் வழக்கு. அவர்தான் அஃபெனி ஷகூர். அடுத்த மாதமே, ஜூன் 16-ம் தேதி, மகன் பிறந்தான். பெருவில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்து 1781-ல் கொல்லப்பட்ட டூபாக் அமாருவின் பெயரைப் பிறகு அவனுக்குச் சூட்டினார்.

பெயர் பெரிசுதான், வீட்டிலோ வறுமை. கூடவே அம்மாவின் போதைப் பழக்கம். பால்டிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் பாலேவும் ஷேக்ஸ்பியரும் படித்துக்கொண்டிருந்த பையன், 1988-ல் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று.

1991 அக்டோபரில் ஓக்லாந்தில் சாலையைத் தப்பாகக் கடந்தார் என்று போலீஸ் பிடித்தது. தன்னை அடித்துத் தரையில் தள்ளியதாக டூபாக் வழக்குப் போட்டார். கேட்டது 1 கோடி டாலர், சமரசத்தில் கிடைத்தது சுமார் 42,000 டாலர். அடுத்த மாதமே முதல் ஆல்பம் வந்தது. போலீஸ் அத்துமீறல் அதில் ஏற்கெனவே பாட்டாகியிருந்தது. குழந்தை பெற்றுக் குப்பையில் போட்ட 12 வயதுச் சிறுமி பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு எழுதிய பாடலும் இருந்தது. அவளைத் திட்டாமல், அவளைக் கைவிட்ட குடும்பத்தையும் தெருவையும் காட்டிய பாட்டு அது.

1992-ல் டெக்சாஸில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஆல்பத்தைக் கேட்டதுதான் காரணம் என்றது குற்றவாளித் தரப்பு. துணை அதிபர் டான் குவேல் ஆல்பத்தையே திரும்பப் பெறச் சொன்னார். அந்தச் சத்தத்தில் சிறுமியின் கதை அமுங்கிப்போனது.

நம்ம ஊர் மீம்களில் ஓடுகிற ‘தக் லைஃப்’ பரவியதிலும் இவருக்குப் பெரிய பங்குண்டு. ரௌடி என்று கறுப்பின இளைஞர்களை ஏசிய சொல்லையே வயிற்றில் பச்சை குத்திக்கொண்டார். வசையை எடுத்துப் பட்டமாக மாட்டிக்கொள்வதும் ஒரு எதிர்ப்புதான்.

ஆனால் இவரை வெறும் போராளியாகக் காட்டினால் பொய். கறுப்பினப் பெண்களைத் தலைநிமிரச் சொல்லிப் பாடியவர், ஒரு பெண்ணிடம் பாலியல் அத்துமீறல் செய்த வழக்கில் தண்டனை பெற்றார். 1995-ல் அவர் சிறையில் இருக்கும்போதே மூன்றாவது ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில்தான் அம்மாவுக்கான பாடல். போதைப் பழக்கத்தை மறைக்காமலே நன்றி சொன்ன அந்தப் பாட்டை, 2010-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

1996 செப்டம்பர் 7 இரவு லாஸ் வேகாஸில் காரில் சென்றபோது சுடப்பட்டார். 13-ம் தேதி இறந்தார். வயது 25. அந்தக் கொலை வழக்கில் ஒருவர் கைதானது 2023-ல்தான்.

மகன் விட்டுப்போன பாடல்களை வெளியிட அஃபெனி 1997-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் அமாரு.