ஏழைக் கொல்லரின் மகன்

வில்லியனூர் மாதா திருவிழாவில் தேர் மின்விளக்குகளால் ஒளிமயமாய்ப் பவனி வருவதைக் கண்டு மகிழ்கிறோம். பாகூர் வயல்களில் பம்புசெட் நீர் இறைப்பதையும் காண்கிறோம். இம்மின்சாரத்திற்கு வழி திறந்தவர் ஓர் ஏழைக் கொல்லரின் மகன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் மைக்கேல் பாரடே.

இவர் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் அருகே நியூயிங்டனில் பிறந்தார். தந்தை நோயாளி. ஒரு ரொட்டியை ஒரு வாரம் வைத்து உண்ணும் அளவுக்கு வறுமை. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப்படிப்பு நின்றது. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த நூல்களையே ஆர்வத்துடன் படித்தார்.

1812-இல் சர் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார்.

மின்சாரம் காந்த ஊசியை அசைக்கும் என்று 1820-இல் ஆர்ஸ்டெட் கண்டறிந்தார். அப்படியானால் காந்தம் மின்சாரத்தைத் தராதா என்று பாரடே சிந்தித்தார். பலமுறை முயன்று தோற்றார். காந்தமும் கம்பியும் அசையாமல் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. அசைவோ மாறுதலோ வேண்டும் என்ற உண்மை 1831-இல் புலப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று, பெரிய காந்தத்தின் இரு துருவங்களுக்கு இடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றினார். தட்டின் நடுவிலும் விளிம்பிலும் கம்பிகள் தொட்டுக்கொண்டிருந்தன. தட்டு காந்தக் கோடுகளை வெட்டியபோது, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றி, ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தது. இதுவே முதல் நேர்மின்னோட்ட டைனமோ.

அது தந்த மின்னழுத்தம் மிகச் சிறிது. பின்வந்தோர் தட்டுக்குப் பதிலாகக் கம்பிச்சுருளைச் சுழற்றினர். சுற்றுகளும் வேகமும் காந்த வலிமையும் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சுருளில் மின்சாரம் திசை மாறும். பிளவு வளையம் இணைப்பை மாற்றிக் கொடுத்து, வெளியே அதை ஒரே திசையில் அனுப்பும்.

புகழ் வந்த பின்னும் பாரடே எளிமையை விடவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்தார். சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இறைப்பற்றில் உறுதியாய் வாழ்ந்து, 1867 ஆகஸ்ட் 25 அன்று இறைவனடி சேர்ந்தார். அவர் விரும்பியபடியே சாதாரணக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்புத் தோழியரே! பாரடே நம்மைப் போல் பத்தாம் வகுப்புவரை படித்தவரல்லர், உயர்கணிதமும் அறியாதவர். நமக்கோ பள்ளியும் ஆய்வுக்கூடமும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை தோற்றதும் புத்தகத்தை மூடிவிடாமல், அவரைப் போல் மீண்டும் முயல்வோம்.