இருகளம் கண்ட கோபாலன்

கனடா நாட்டைப் பற்றிய பாடமொன்றை மாணவர் உரத்துப் படித்துக்கொண்டிருந்தனர். சறுக்குக் காலணி பூண்டு பனித்தளத்தின்மீது ஆடும் ஹொக்கிக்கென மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழக மாணவர் 1877ஆம் ஆண்டிலேயே ஓர் அணி அமைத்தனர் என்ற செய்தி அதில் வந்தது. கல்முனைக் கடற்கரையில் தென்னைமட்டையைச் செதுக்கிப் பந்தடிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பனித்தளம் கதையிற் கேட்கும் பொருளேயாம். ஆயினும் ஒருவன் எழுந்து, ஹொக்கிக் கோலேந்திப் புகழ்பெற்ற தமிழ்நாட்டவர் எவரேனும் உளரோ என வினவினான். நன்னூல் சொல்லவந்தவனுக்கு இஃது எதிர்பாராத வினா. எனினும் எம். ஜே. கோபாலனின் பெயர் உடனே நினைவில் எழுந்தது.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மொறப்பாக்கத்திற் பிறந்தார். அவரது ஆட்டத்திறன் வெளிப்பட்டது சென்னைத் திருவல்லிக்கேணியிலே. சென்னைக் கிரிக்கெட்டிற் செல்வாக்குடன் விளங்கிய ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர் அவரது வேகப் பந்துவீச்சைக் கண்டு, பர்மா ஷெல் கம்பனியில் வேலை கிடைக்க வழிசெய்தார். 1934 ஜனவரியிற் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதுவே அவர் ஆடிய ஒரே டெஸ்ட். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கிண்ணப் போட்டியின் முதற்பந்தை வீசியவரும் அவரே. மைசூரை எதிர்த்த அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னைக்கு வெற்றியாயிற்று.

ஹொக்கியிலும் அவர் குறைந்தவரல்லர். 1935இல் தியான் சந்த் முதலியோருடன் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அப்பயணத்தில் அவ்வணி ஆடிய 48 ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

அடுத்த ஆண்டு வந்தது சோதனை. பேர்ளின் ஒலிம்பிக்கும் இந்தியக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் 1936இன் ஒரே கோடையில் அமைந்தன. இரண்டிற்கும் செல்லுதல் இயலாது. 1928இலும் 1932இலும் ஹொக்கித் தங்கத்தை வென்றிருந்த இந்தியா மூன்றாம் முறையும் வெல்லும் என்பதில் பெரும்பாலோர்க்கு ஐயமில்லை. ஆயினும் கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்து கப்பலேறினார். விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையிற் சென்ற அவ்வணியில் ஒற்றுமை இருக்கவில்லை. அமர்நாத் இடைவழியிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் ஆட்டங்களுள் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாளிற்றான் பேர்ளினில் இந்திய ஹொக்கி அணி ஜெர்மனியை 8-1 என வீழ்த்தித் தங்கம் பெற்றது. அன்று அவர் ஆடியது இரண்டில் எதிலும் இல்லை.

இதனை அறியாமை என்று கூறுவாருளர். எனக்கு அவ்வாறு கூற மனம் இடந்தரவில்லை. இரு வாயில்களும் திறந்து நிற்க ஒன்றனுள் மட்டும் புகவேண்டியவன், மற்றதன் உள்ளே நடக்கப்போவதை எவ்வாறு காண்பான்? பந்துவீச்சினால் வாழ்வு பெற்றவர் பந்துவீச்சின் பக்கம் சென்றார், அவ்வளவே. உண்மையிற் குறை சொல்லவேண்டுமாயின், தேர்ந்தெடுத்து அழைத்துச் சென்ற ஒருவரை ஒரு டெஸ்டிலேனும் இறக்காதவர்களையே சொல்லவேண்டும்.

பின்னர்ச் சென்னை அணியில் நெடுங்காலம் ஆடினார். தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். நமக்கு அவர் பெயர் நெருக்கமானது வேறொரு காரணத்தால். அவரது கிரிக்கெட் வாழ்வின் கால் நூற்றாண்டைச் சிறப்பித்துக் கோபாலன் கிண்ணம் ஏற்பட, 1953 முதல் இலங்கையும் சென்னையும் அதற்காக மோதின. 1982இல் தனது முதலாவது டெஸ்டை ஆடும்வரை அத்தகுதியின்றி நின்ற இலங்கைக்கு அவ்வாட்டங்கள் நல்ல பயிற்சிக்களம். வானொலியருகே குந்தியிருந்து ஓட்டக் கணக்குக் கேட்டவர்கள் நம்மூரிலும் உண்டு.

இவ்வளவும் கேட்டபின் அம்மாணவன், தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைக்கவேயில்லையா என மீண்டும் வினவினான். இல்லை என்றேன். 2003 டிசம்பர் 21ஆம் நாள் தமது 94ஆவது வயதிற் சென்னையில் அவர் மறைந்தார்.