கேன்ட் போட்ட கோடு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோதே, கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, அது மூட்டை கட்டுற அளவுக்கு வந்திருச்சு என்றும் சொல்லிவிட்டார். ஆகவே தப்பித்தீர்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயரைப் பற்றி. ஆனால் அவர் பெயரைச் சொல்லி அதிகம் பாடுபடுவது என்னவோ எங்கள் சிவில் டிபார்ட்மென்ட்தான்.

அவர் ஹென்றி லாரன்ஸ் கேன்ட். இன்று வீடு கட்டுகிற வேலையைத் திட்டமிட எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும், இடது பக்கம் வேலைகளின் பட்டியல், வலது பக்கம் தேதிவாரியாகப் படுத்துக் கிடக்கும் பட்டைகள். அதுதான் கேன்ட் சார்ட். கூடவே டாஸ்க், டியூரேஷன், பேஸ்லைன், மைல்ஸ்டோன், பிரெடிசெஸர், ஃப்ளோட், பர்சன்ட் கம்ப்ளீட் என்று ஒரு வண்டி வார்த்தைகள். பரீட்சைக்கு இவற்றை மனப்பாடம் செய்கிறோம். இதில் எது அந்த மனிதருடையது, எது அவர் மறைந்த பிறகு சேர்ந்தது, எது அவர் வைத்திருந்து நாம் தொலைத்துவிட்டது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மூன்றாவது சங்கதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கேன்ட் பிறந்தது 1861 மே 20-ம் தேதி, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் கால்வர்ட் கவுன்ட்டியில். வசதியான விவசாயக் குடும்பம். அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமைகளை வைத்து வேலை வாங்கிய குடும்பம் அது. அவர் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. 1864 நவம்பரில் மேரிலாந்தில் அடிமை முறை ஒழிந்தது. போர் முடிந்தபோது குடும்பம் நொடித்துப் போயிருந்தது. கூலியே கொடுக்காமல் வாங்கிய உழைப்பில் வாழ்ந்த வீட்டுப் பிள்ளை, பின்னாளில் ஆயுள் முழுக்கக் கூலிக் கணக்கைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் ஆளில்லை. ஆனாலும் படிக்கும்போது மனசில் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது.

பையனைச் சேர்த்த இடம் பால்டிமோர் பக்கத்தில் இருந்த மெக்டோனா பள்ளி. ஏழைப் பையன்களுக்காக 1873-ல் தொடங்கியது. படிப்போடு பண்ணை வேலையும் உண்டு. அங்கிருந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1880-ல் பட்டம். திரும்பி வந்து படித்த பள்ளியிலேயே வாத்தியார் வேலை. பிறகு ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1884-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாகக் கொஞ்ச நாள், மறுபடி அதே பள்ளியில் வாத்தியார். இந்த வாத்தியார் உத்தியோகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால் செய்த காரியங்களில் பாதிக்கு இதுதான் வேர் என்பது என் அபிப்பிராயம்.

1887-ல் பிலடெல்பியாவில் உள்ள மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சேர்ந்தார். அங்கே இருந்தவர் ஃபிரெடெரிக் டெய்லர். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தாரே, அதே டெய்லர்தான். இருவரும் பல வருஷங்கள் சேர்ந்து வேலை செய்தார்கள், சேர்ந்து பேட்டன்ட்களும் வாங்கினார்கள். ஆனால் கூலி விஷயத்தில் இருவருக்கும் வழி வேறு. டெய்லரின் முறையில் ஒரு வேலைக்கு இரண்டு ரேட். குறித்த அளவை எட்டினால் ஒவ்வொரு பீஸுக்கும் உயர்ந்த ரேட்; எட்டாவிட்டால் அன்றைக்குச் செய்த எல்லாவற்றுக்கும் குறைந்த ரேட். கொஞ்சம் தவறினாலும் அடி பலமாக விழும்.

1901-ல் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் கேன்ட் வேறு மாதிரி செய்து பார்த்தார். வேலையை எட்ட முடியாதவனுக்கும் நாள் கூலி நிச்சயம். எட்டினால் கூலிக்கு மேல் போனஸ். இதோடு நின்றிருந்தால் பெரிய விசேஷம் இல்லை. தன் கீழ் உள்ளவர்களில் எத்தனை பேர் போனஸ் வாங்குகிறார்களோ அந்தக் கணக்குக்கு ஃபோர்மேனுக்கும் போனஸ் வைத்தார். எல்லோருமே வாங்கிவிட்டால் இன்னும் கூடுதல். யோசித்துப் பாருங்கள். அதுவரை விரட்டுவதுதான் ஃபோர்மேன் வேலை. இப்போது தடுமாறுகிறவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால்தான் அவர் பைக்கும் காசு வரும். வாத்தியார் புத்தி எங்கே வேலை செய்கிறது பாருங்கள்! சாஃப்ட்வேரில் நாம் சர்வ சாதாரணமாகத் தட்டுகிற டாஸ்க் என்ற சொல்லுக்கு அவர் காலத்தில் இந்தக் கனம் இருந்தது. ஒருவனுக்கு டாஸ்க் கொடுக்கிறோம் என்றால் அதைச் செய்யும் வகையையும், சாமானையும், கருவியையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

அதன் பிறகு அவர் சொந்தமாக ஆலோசகர் தொழில் நடத்தினார். இயந்திரத் தொழிற்சாலைகள், துணி ஆலைகள் என்று பல இடங்கள். 1903-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில், உற்பத்தியின் அன்றாட இருப்பைத் தாளில் காட்டுவது பற்றி ஒரு கட்டுரை படித்தார். இத்தனை வேலை ஆக வேண்டும், நேற்றுவரை இத்தனை ஆச்சு, இத்தனை பாக்கி. நம்ம ஊர் மளிகைக்கடை பற்று வரவு மாதிரி. நமக்குத் தெரிந்த பட்டைகள் இன்னும் வரவில்லை.

அவை வந்தது முதல் உலகப் போரில். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும், பீரங்கிக்கும் தோட்டாவுக்கும் கோடிக் கணக்கில் ஆர்டர் போனது. எவ்வளவு பணம் ஒதுக்கினோம் என்று தெரியும். எந்த ஆலையில் எவ்வளவு முடிந்தது, எப்போது கைக்கு வரும் என்றால் பதில் இல்லை. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையிலும் பிறகு ராணுவத் தளவாடத் துறையிலும் கப்பல் கட்டும் பிரிவிலும் கேன்ட் வேலை செய்தார். அங்கேதான் அந்த சார்ட் முழு உருவம் எடுத்தது.

அது எப்படி வேலை செய்தது என்பதை நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒரு கொத்தனார் நாளைக்கு 500 செங்கல் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். அதே கட்டம்தான் 500 செங்கலுக்கும் அளவு. ஒரே இடம், நேரத்தையும் குறிக்கும், வேலையையும் குறிக்கும். சூட்சுமமே இதுதான். திங்கட்கிழமை 400 கட்டினார் என்றால் அந்தக் கட்டத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மெல்லிய கோடு. செவ்வாய் 250 என்றால் பாதிக் கட்டம். இதற்குக் கீழே மொத்தத்தைக் காட்டும் தடித்த கோடு: 650 செங்கல், அதாவது ஒரு கட்டம் தாண்டி அடுத்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. செவ்வாய் சாயங்காலம் இரண்டு கட்டமும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே வேலை 0.7 நாள் பின்தங்கி இருக்கிறது. கணக்குத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதில் தேதி மட்டும் இல்லை. இன்றைய சாஃப்ட்வேரில் பேஸ்லைன் என்று சாம்பல் நிறத்தில் ஒன்று கிடக்குமே, முதலில் ஒத்துக்கொண்ட திட்டம், அதுதான் அவருடைய கட்டம். பர்சன்ட் கம்ப்ளீட் என்பது அந்தத் தடித்த கோடு. ஆனால் அவர் அதை எண்ணிப் பார்த்துத்தான் போட்டார். நாம் சைட்டில் குத்துமதிப்பாக 60 என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

இப்போது அந்தத் தொலைந்த சங்கதி. மெல்லிய கோடு கட்டத்தை நிரப்பாமல் நின்றால், மிச்ச இடத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும். எம் என்றால் மெட்டீரியல் சரியில்லை. ஆர் என்றால் மெஷின் ரிப்பேர். டி என்றால் டூல் கோளாறு. ஏ என்றால் ஆள் வரவில்லை. எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு எழுத்து, ஆள் வேலைக்குப் புதுசு என்பதற்கும் ஒன்று. மெஷின் சும்மா நின்ற நேரத்துக்குத் தனி சார்ட். அதிலும் காரணம் எழுத வேண்டும். இந்த எழுத்துகளை ஒரு மாசத்துக்குக் கூட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? பெரும்பாலான காரணங்கள் தொழிலாளியிடம் இல்லை, மேலே ஆபீஸில் இருக்கின்றன என்று தெரியும். மெட்டீரியல் வாங்க வேண்டியது யார், டூல் தர வேண்டியது யார்? 1915-லேயே இன்னொன்றும் வாதாடினார். சும்மா நின்ற மெஷினின் செலவைச் செய்த சாமானின் விலையில் ஏற்றாதே. அது ஏன் நின்றது என்று தனியாக எழுதி நிர்வாகத்தின் முன்னால் வை என்றார்.

எனக்கு இது ஏன் பெரிசாகப் படுகிறது என்றால், எங்க அப்பா கொத்தனார். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு நான் போன ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் இரண்டாவது மாடிச் சுவர் வேலை ஆறு நாள் பின்தங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் பட்டை சிவப்பாகிவிட்டது. பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் ஆள் பற்றாக்குறை என்று அடித்திருந்தார்கள். நான் அங்கேயே இருந்தேன். கொத்தனார்களும் சித்தாள்களும் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் செங்கல் லாரி வரவில்லை. மீதி நாள், கதவு ஜன்னல் மாற்றிய டிராயிங் கைக்கு வரவில்லை. மத்தியானம் வரை உட்கார வைத்து அரை நாள் கூலியோடு அனுப்பினார்கள். எங்க வீட்டில் அரை நாள் கூலி வந்த சாயங்காலங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேன்ட் சார்ட் என்று பெயர் மட்டும் இருக்கிறது. எம் என்ற எழுத்து போட இடம் இல்லை. இடம் இருந்தாலும் போட மனசு இல்லை.

சாஃப்ட்வேரில் உள்ள எல்லாம் கேன்ட் தந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குப் போகிற அம்புக்குறி அவர் தாளில் கிடையாது. ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கரண்ட் பைப்பும் போட்டிருக்க வேண்டும். இப்படி முன்னால் முடிய வேண்டிய வேலைதான் பிரெடிசெஸர். எந்த வேலை தள்ளிப்போனால் வீடே தள்ளிப்போகும் என்று கண்டுபிடிப்பது கிரிட்டிக்கல் பாத். தள்ளிப்போனாலும் பாதகமில்லாத அவகாசம் ஃப்ளோட். இவை டுபான்ட் கம்பெனியின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1957-ல் கம்ப்யூட்டரை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வந்தவை. அடுத்த வருஷமே அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் வந்தது. 1980-களில் பிரைமவெராவும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டும் வந்தபோது, கேன்ட்டின் பட்டைக்கு மேல் இந்த அம்புகளை ஒட்டி ஒரே திரையில் கொடுத்துவிட்டார்கள்.

பட்டையும்கூட அவருக்கு மட்டும் சொந்தமில்லை. போலந்து நாட்டு இன்ஜினீயர் கரோல் அடமியெக்கி 1896-லேயே ஹார்மோனோகிராம் என்ற பெயரில் இதே நோக்கத்தில் ஒன்று செய்திருந்தார். வெளியிட்டது 1931-ல்தான். அதற்குள் பெயர் இவருக்குப் போய்விட்டது. பிராக்டிகலை முதலில் முடித்துவிட்டு ரெக்கார்டைக் கடைசியில் சப்மிட் பண்ணுகிறவர்கள் கவனிக்க.

கேன்ட்டை மகான் ஆக்கவும் நான் தயாரில்லை. அவரும் டெய்லர் கூட்டத்து ஆள்தான். அவரது டாஸ்க்கும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து முடிவு செய்ததுதான். அந்த அளவெடுப்பை எதிர்த்து 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1915-ல் ராணுவ ஆயுதச்சாலைகளில் ஸ்டாப்வாட்ச்சுக்கும் போனஸுக்கும் அமெரிக்க நாடாளுமன்றமே தடை போட்டது. 1916-ல் இன்ஜினீயர்கள் கையில் நிர்வாகம் வர வேண்டும் என்று நியூ மெஷின் என்ற பெயரில் கேன்ட் ஒரு அமைப்பு ஆரம்பித்தார். அது நெடுநாள் நிற்கவில்லை. இன்ஜினீயர் சொன்னால் உலகம் கேட்டுவிடும் என்று நம்பினார் போலிருக்கிறது. சைட்டில் ஒரு மாதம் இருந்த எனக்கே அந்த நம்பிக்கை இல்லை.

1919-ல் கடைசிப் புத்தகம் வந்தது. ஊருக்குப் பயன்படாமல் லாபம் மட்டும் பார்க்கிற தொழில் நிலைக்காது என்பது அதன் சாரம். அந்த வருஷமே நவம்பர் 23-ம் தேதி, 58 வயதில் காலமானார். 1922-ல் அவரோடு வேலை செய்த வாலஸ் கிளார்க் சார்ட் போடும் முறையைத் தனிப் புத்தகமாக எழுதினார். இன்னொரு சகாவான வால்டர் பொலகோவ், சோவியத் யூனியனின் முதல் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் அங்கே போய் இதைச் சொல்லிக் கொடுத்தார். முதலாளி நாட்டிலும் அதே கோடு, பொதுவுடைமை நாட்டிலும் அதே கோடு. 1929-ல் அவர் பெயரில் ஒரு பதக்கமும் ஏற்படுத்தினார்கள்.

கேன்ட்டின் கடைசிப் புத்தகத்துக்கும் கிளார்க்கின் புத்தகத்துக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இரண்டும் கம்ப்யூட்டரில் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கிலீஷ் கஷ்டமாக இருந்தால் படங்களையாவது புரட்டிப் பாருங்கள். நம்ம டிராயிங் ஹாலில் போடுகிற ஷீட் மாதிரியே, எல்லாம் கையால் போட்டவை. காலியாக நின்ற கட்டங்களில் எம், ஆர், டி என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.