சத்தம் கேட்டதும் 4 விநாடி: யார் இந்த சுபேதார் சுப்பிரமணியன்?

சத்தத்தை வச்சே இது என்ன வெடின்னு சொல்லிடுறவங்க கோவில்பட்டி, பசுவந்தனை பக்கம் இருக்காங்க. போர்க்களத்தில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர், பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரரான சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் புதைத்த ‘எஸ்-மைன்’ ஒரு மாதிரியான கண்ணிவெடி. மிதித்ததும் சின்னதா ஒரு சத்தம், அவ்வளவுதான். சுமார் 4 விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எம்பி வெடிக்கும். உள்ளே 300-க்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகள். ஓடினாலும் தப்புவது கஷ்டம்.

1944, இத்தாலி. காசினோ போர்முனைக்குப் பக்கத்தில் மிஞ்ஞானோ. கண்ணிவெடி கண்டறியும் கருவியோடு முன்னால் போனவர் லான்ஸ் நாயக் சிகாமணி. சோதித்த வழியில் வெள்ளை நாடா போட்டபடி பின்னாலேயே சுப்பிரமணியன். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர்.

சிகாமணியின் காலடியில் அந்தச் சத்தம். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் இருக்கு என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். ஓடவில்லை. பாய்ந்து வெடி மேலேயே விழுந்தார்.

சில நிமிடங்களில் உயிர் போனது. சிகாமணிக்கு லேசான காயம்தான்.

எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு பிரிட்டன் தரும் உச்ச விருது ஜார்ஜ் கிராஸ். அந்த ஆண்டே அது சுப்பிரமணியன் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.