நிழற்பட யாத்திரிகர் பிரான்சிஸ் ஃபிரித்

பழம்பெருஞ் சின்னங்களை நாடிச் செல்வோர் இருவகையினர். தாம் கண்டவற்றுள் ஒரு சிறு துண்டையேனும் பெயர்த்துக்கொண்டு வீடு திரும்பினாலன்றி மனம் அமையாதார் ஒரு சாரார். கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே விட்டு, அதன் காட்சியை மாத்திரம் பிறர்க்குக் கொணர்ந்து தருவார் மற்றொரு சாரார். எகிப்து நாட்டின் கோயில்களும் கல்லறைகளும் முதல் வகையினராற் பெரிதும் சிதைவுற்ற காலத்தில், இரண்டாம் வகையினர்க்குத் தலைவராய் விளங்கினார் ஒருவர். அவரே பிரான்சிஸ் ஃபிரித் என்னும் ஆங்கிலேயர். உலகின் புராதன இடங்களை ஏழை எளியவரும் தம் வீட்டிலிருந்தே காணுமாறு செய்த இப்பெரியாரின் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்கட்குச் சுருங்கக் கூறுவதே நமது நோக்கமாகும்.

இவர் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்பி மாகாணத்தைச் சார்ந்த செஸ்டர்ஃபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் பெற்றோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தைச் சார்ந்தோர். ஆடம்பரத்தை விலக்குதலும், ஆணையிடாது உள்ளதை உள்ளவாறே உரைத்தலும் அச்சங்கத்தார் கைக்கொண்ட ஒழுக்கங்கள். வாய்மையைத் தலையாய அறமாகக் கொண்ட அக்குடும்பத்தில் வளர்ந்த பான்மை, பின்னாளில் இவர் மேற்கொண்ட கலையிலும் நன்கு புலனாயிற்று.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஷெஃபீல்டு நகரத்தில் கத்தி முதலிய கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் இவர் தொழில் பயிலச் சேர்ந்தார். அவ்வேலை இவர் மனத்துக்கு இசையவில்லை. 1843இல் நரம்புத் தளர்ச்சியால் நோயுற்று, ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஓய்வு கொள்ள நேர்ந்தது. அக்காலத்திற் பெற்றோருடன் தம் நாட்டின் பல பாகங்களையும் சுற்றிப் பார்த்தார். உடல்நலம் மீண்டதும் லிவர்ப்பூல் துறைமுகத்தில் மளிகைப் பண்டங்களை மொத்தமாக விற்கும் வாணிகத்தில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். முப்பத்துநான்கு வயது நிரம்புதற்கு முன்னரே அவ்வாணிகத்தை விற்றுவிட்டு, எஞ்சிய வாழ்நாளைத் தம் உள்ளம் விரும்பிய வேலைக்கு உரியதாக்கினார். செல்வம் பெருகப் பெருக அதனை மேலும் பெருக்கவே முயல்வது உலக வழக்கம். போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர் சிலரே; அச்சிலருள் இவர் ஒருவர்.

இவர் உள்ளத்தைக் கவர்ந்த வேலை நிழற்படக் கலை. அக்கலை அந்நாளிற் குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1839இல் பிரான்சு தேசத்து டாகேர் என்பார் வெள்ளி பூசிய தகட்டில் உருவம் பதிக்கும் முறையை வெளியிட்டார். இங்கிலாந்திலே டால்பட் என்பார் காகிதத்திற் பதிக்கும் முறையைக் கண்டார். தகட்டுப் படம் தெளிவுடையது; ஆயினும் ஒன்றுக்குமேற் பிரதி எடுத்தற்கில்லை. காகித முறையிற் பல பிரதிகள் எடுக்கலாம்; ஆயினும் காகிதத்தின் நார் ஊடே தோன்றி நுட்பமான கோடுகளை மங்கச்செய்யும். 1851இல் ஆர்ச்சர் என்பார் கண்ணாடிமேற் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டபோது இவ்விரு குறைகளும் ஒருங்கே நீங்கின. ஃபிரித் இப்புதுக் கலையில் ஆழ்ந்து ஈடுபட்டு, 1853இல் லிவர்ப்பூல் நிழற்படச் சங்கத்தை நிறுவினோருள் ஒருவரானார்.

கொலோடியன் முறையின் தன்மையை அறிந்தாலன்றி இவர் பட்ட பாட்டை நாம் உணர்தல் இயலாது. வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த பசைபோன்ற திரவத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒருசீராய்ப் பரப்பவேண்டும். பிறகு அதனை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலே தோய்த்தெடுத்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படம் பிடிக்கவேண்டும். உலருமுன்னரே மறுபடியும் இருட்டறைக்குக் கொண்டுபோய் உருவத்தை வெளிப்படுத்தவும் வேண்டும். இவற்றுள் எதற்கேனும் காலந் தாழ்ந்தால் தகடு பயன்படாது. குளிர்ந்த இங்கிலாந்திலேயே இது கடினமான வேலை. எகிப்தின் வெயிலில், நூற்றுப்பத்துப் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தோடு கூடிய சிறு கூடாரத்தினுள், தகட்டின்மேல் ஊற்றிய மாத்திரத்தில் கொலோடியன் கொதித்தெழும். ஈதரின் ஆவி மூச்சை அடைக்கும். மணற்றூள் எங்கும் படியும். வியர்வைத் துளி ஒன்று விழினும் தகடு கெடும். இத்தனைக்கும் நடுவே இவர் எடுத்த படங்களிற் சுவரிற் செதுக்கிய சிறு எழுத்துக்களையும் எண்ணிவிடலாம் என்றால், அப்பொறுமையை என்னென்று வியப்பது!

1856ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இவர் முதன்முறையாக எகிப்துக்குப் புறப்பட்டார். வென்ஹாம் என்னும் பொறியியலாளர் உடன் சென்றார். இவருக்கு ஏழாண்டுகளுக்கு முன்பே பிரான்சு நாட்டு எழுத்தாளராகிய மாக்சீம் டியூ காம் அந்நாட்டிற் காகித முறையிற் படங்கள் எடுத்திருந்தார். ஆதலின் எகிப்தை முதலிற் படம் பிடித்தவர் ஃபிரித் என்று சொல்லுதற்கில்லை. ஆயினும் பெருங் கண்ணாடித் தகடுகளை அப்பாலைவனத்தினூடு சுமந்து சென்று, அத்துணைத் தெளிவான உருவங்களைக் கொணர்ந்த பெருமை இவருக்கே உரியது. இவர் மூன்று காமிராக்களைக் கொண்டுசென்றார். ஒன்று இரட்டைக்கண் படங்களுக்கானது; மற்றொன்று 8 அங்குலமும் 10 அங்குலமும் உள்ள தகட்டிற்கானது; மூன்றாவது 16 அங்குலமும் 20 அங்குலமும் உள்ள பெருந்தகட்டிற்கானது. படத்தைப் பெரிதாக்கும் வசதி அந்நாளிற் செம்மையாக அமையாமையால், பெரிய படம் வேண்டுமாயின் பெரிய காமிராவே வேண்டும்.

இருட்டறையாகப் பயன்படுத்தப் பிரம்பினாற் பின்னிய வண்டியொன்றையும் இவர் வைத்திருந்தார். வெயில் தாக்காதிருத்தற்பொருட்டு அது முழுவதும் வெள்ளைப் பாய்த்துணியால் மூடப்பட்டிருந்தது. எங்குச் சென்றாலும் இம்மூடுவண்டியைப் பிரியாது, பிறரை அணுகவும் விடாது காத்துவந்த இவரைக் கண்ட எகிப்தியர், இவர்தம் அந்தப்புரத்து மனைவியர் அதனுள் இருக்கின்றனர் என்றே முடிவு செய்தனராம். அந்நாளில் மணமாகாதிருந்த ஃபிரித் இதனைத் தம் நூலில் நகைச்சுவையோடு எழுதிவைத்துள்ளார்.

1857ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் யாத்திரை தொடங்கிற்று. இம்முறை எகிப்தேயன்றிப் பாலஸ்தீனம், சிரியா என்னும் நாடுகளையும் கண்டார். எருசலேம் நகரும் பால்பெக்கின் பெருந்தூண்களும் இவர் தகடுகளில் இடம்பெற்றன. 1859இல் தொடங்கிய மூன்றாம் யாத்திரையில் நைல் நதியின் இரண்டாம் நீர்வீழ்ச்சியையும் கடந்து, நூபியா தேசத்தின் உட்பகுதியிலுள்ள சோலெப் கோயில்வரை சென்றார்.

முதலிரண்டு யாத்திரைகளில் எடுத்த படங்களை 1858, 1859ஆம் ஆண்டுகளில் எகிப்தும் பாலஸ்தீனமும் என்னும் பொருள்படும் நூலாக, மும்மூன்று படங்கள் கொண்ட 25 பகுதிகளாய் வெளியிட்டார். ஒவ்வொரு படத்திற்கும் விளக்கம் தாமே எழுதினார். அந்நாளில் நிழற்படத்தை அச்சுப்பொறியில் அச்சிடும் வழி பரவவில்லை. ஒவ்வொரு பிரதியையும் வெயிலிற் காட்டித் தனித்தனியே எடுத்து நூலின் ஏட்டில் ஒட்டவேண்டும். இம்முறையில் ஏறத்தாழ 2000 பிரதிகள் வெளியாயின என்பர். பெருந்தகட்டுப் படங்கள் இருபது வேறொரு பெருநூலாக வெளிவந்தன. அவையன்றி, 1862ஐ ஒட்டி வெளியான வேதாகமப் பதிப்பொன்றையும் இவர் படங்கள் அணிசெய்தன.

இவர் எழுதியவற்றுள் நாம் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எகிப்தின் சின்னங்கள் விரைவில் மாறி வருகின்றன என்பதை இவர் கண்டார். காலமும் மணலும் மாத்திரம் அதற்குக் காரணமல்ல. மாவட்ட அதிகாரிகள் பெருங்கற்களைக் கட்டட வேலைக்கு எடுத்துச் சென்றனர். கிராமத்தார் செங்கற்களைப் பெயர்த்துச் சென்றனர். எல்லாத் தேசத்து யாத்திரிகரும் அழகிய சிற்பங்களைக் கூச்சமின்றி உடைத்துக் கொண்டுபோயினர். இவற்றை வெளிப்படையாக எழுதிய ஃபிரித், நல்ல நிழற்படத்திற்கு இதனாலேயே மதிப்பு மிகுகின்றது எனக் கருதினார். பாமரரை மட்டுங் குறைகூறாது, தம்மைப் போன்று மேலைநாட்டிலிருந்து வந்த கற்றோரையும் அக்குற்றத்திற் சேர்த்துரைத்தது இவரது நடுவுநிலைமையைக் காட்டும். நிழற்படத்தின் சிறப்பு அதன் வாய்மையே என்பதும், அவ்வாய்மை சிலபோது அழகுக்கு இடையூறாகும் என்பதும் இவர் கொள்கை. ஓவியன் வேண்டாத சுவரை நீக்கி எழுதுவான். நிழற்படக்காரனோ உள்ளதைக் கொள்ளவேண்டியவனே.

இவர் கருதியது எத்துணை உண்மை என்பதைப் பிற்காலம் மெய்ப்பித்தது. இவர் படத்தில் ஸ்பிங்க்ஸ் என்னும் மனிதத்தலைச் சிங்கம் மணலிற் புதைந்து தோன்றுகின்றது. அம்மணல் 1925க்கும் 1936க்கும் இடையிலேயே முற்றும் அகற்றப்பட்டது. அபு சிம்பலிலுள்ள பேருருவங்களை நைல் நதியின் கரைப்பாறையிலே இவர் கண்டார். அஸ்வான் பேரணையின் நீர் மூழ்கடிக்காதபடி 1964 முதல் 1968 வரை அக்கோயில் துண்டுதுண்டாக அறுக்கப்பட்டு, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடியும் அமைக்கப்பட்டது. பாரோவின் கட்டில் என வழங்கும் மண்டபத்தையுடைய ஃபிலே தீவு இவர் காலத்திற் கண்ணுக்கினிய காட்சியாக இருந்தது. 1902இற் கட்டி முடிந்த பழைய அணையால் அத்தீவு ஆண்டுதோறும் பல திங்கள் நீரில் மூழ்கியது. பின்னர் அதன் கோயில்கள் அண்மையிலுள்ள அகில்கியா தீவுக்கு மாற்றப்பட்டன. கோயில்கள் இன்றும் உள. அவை நின்ற இடங்கள் இல. அவ்விடங்களில் அவை நின்ற கோலத்தை நாம் இன்று காண்பதற்கு இவருடைய கண்ணாடித் தகடுகள் பெருந்துணையாகின்றன.

1859இல் இங்கிலாந்தின் ரைகேட் நகரில் ஃபிரித் ஒரு நிழற்பட நிலையத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு மேரி ஆன் ராஸ்லிங் என்னும் அம்மையாரை மணந்தார். அதன்பின் தம் சொந்த நாட்டின் நகரங்கள், சிற்றூர்கள், கோயில்கள், கடற்கரைகள் யாவற்றையும் படமாக்க முனைந்தார். இரயில் வண்டிகள் பெருகிய அக்காலத்தில் தொழிலாளரும் விடுமுறை நாட்களில் வெளியூர் செல்லத் தொடங்கியிருந்தனர். அவர்கள் தாம் கண்ட இடத்தின் படத்தைச் சிறுவிலைக்கு வாங்கிச் செல்ல இந்நிலையம் வழிசெய்தது. உலகிலேயே மிகப் பெரிய நிழற்பட வெளியீட்டு நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்து, இவர்க்குப் பின்னும் 1970ஐ ஒட்டிய காலம்வரை நடைபெற்றது.

இவ்விடத்து ஒரு குறையையும் மறையாது கூறுதல் முறை. நிலையம் விரிந்தபோது ஃபிரித் பலரை வேலைக்கு அமர்த்திப் படங்கள் எடுப்பித்தார். 1862இல் இக்கலையைக் கைவிட்ட ரோஜர் ஃபென்டன் என்னும் பேர்பெற்ற கலைஞரின் தகடுகள் சிலவற்றையும் பெற்றுக்கொண்டார். ஆயினும் வெளியான படங்களில் நிலையத்தின் பெயர் உண்டேயன்றி, எடுத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. எகிப்திலே கண்ணாடிப் பெட்டிகளைச் சுமந்தோர், படகு வலித்தோர், தூணின் உயரம் விளங்குதற்பொருட்டு அசையாது வெயிலில் நின்றோர் ஆகியோரின் பெயர்களையும் இன்று நாம் அறியோம். ஒரு பெரியாரின் பெயர் நிலைபெறுதற்குப் பெயரிலார் பலர் தோள்கொடுத்துள்ளனர் என்பதை நினைந்தே அவரைப் போற்றுதல் தகும்.

முதுமையில் ஃபிரித் தம் சங்கத்தின் சமயப் பணியில் மிகுதியும் ஈடுபட்டார். 1884இல் நண்பர் இருவருடன் சேர்ந்து சமயக் கொள்கை பற்றிய சிறுநூலொன்றைப் பெயர் குறியாமல் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கு அஞ்சாத சமயப்பற்றை வற்புறுத்திய அந்நூல் குவேக்கரிடையே பெருஞ் சர்ச்சையை விளைத்தது. 1898இல் பிரான்சு தேசத்துக் கான் நகரில் இவர் உயிர் நீத்தார்.

இக்காலத்தில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு காமிரா இருக்கின்றது. ஒரு நாட் சுற்றுலாவில் நாம் எடுக்கும் படங்கள் ஃபிரித் ஒரு யாத்திரை முழுவதிலும் எடுத்தவற்றினும் பலவாகலாம். தகடு உலர்ந்துபோகும் என்னும் அச்சம் நமக்கில்லை. ஆதலின் நின்று நோக்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. கோயிலுக்குப் புறங்காட்டி நின்று நம்முருவத்தையே எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். சிலர் அதன் சுவரிலே தம் பெயரையும் கீறிவிட்டு வருகின்றனர். ஃபிரித் தம் பெயரையும் ஆண்டையும் எழுதியது தம் கண்ணாடித் தகட்டின் ஓரத்திலேயாம். நம் கல்லூரி மாணவர் விடுமுறையிற் பழம்பெரும் இடங்களைக் காணச் செல்லுங்கால், முதலில் கண்ணால் நன்கு நோக்கிப் பின்னர்ப் படம் எடுப்பாராக. எடுத்த படத்தில் இடமும் நாளும் தவறாது குறிப்பாராக. கல்லை அது நின்றவாறே விட்டு வருவாராக. நாளை அவ்விடம் மாறிப்போயின், இன்று இங்ஙனம் இருந்தது என்று சான்று கூற அப்படம் ஒன்றே எஞ்சவுங் கூடும்.