ஈசாக் சாபா: அடைத்த கதவுகளும் ஒரு பாட்டும்

பேசும் வாய்களால் மட்டும் ஒரு மொழி நெடுங்காலம் நிலைப்பதில்லை. பள்ளியும் அச்சும் ஆட்சி மன்றமும் அதற்கு இடமளித்தல் வேண்டும். பள்ளிக் கதவு அடைபட்ட காலத்தில், ஏனைய இரண்டின் வழியே தம் தாய்மொழிக்கு வாழ்வு தேடியவர் ஈசாக் சாபா.

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா ஆகிய நான்கு நாடுகளிலும் பரவி வாழும் தொல்குடியினர் சாமி மக்கள். கலைமான் மேய்த்தலும் மீன்பிடித்தலும் அவர்தம் பழந்தொழில்கள். நார்வேயின் வடகிழக்கே, பின்மார்க் மாவட்டத்து நெசெபியில், 1875 நவம்பர் 15ஆம் நாள் சாபா பிறந்தார். துரோம்சோவில் பயிற்சி பெற்று ஆசிரியரானார்.

சாமி மக்களை நார்வேயராக்கிவிட அரசு முனைந்திருந்த காலம் அது. பள்ளியில் நார்வே மொழியே பயிற்றுமொழி என்றும், பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காதவிடத்து மட்டுமே சாமி மொழியைத் துணைக்கொள்ளலாம் என்றும் 1898இல் ஆணை பிறந்தது. நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவர்க்கே பின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும் என 1902ஆம் ஆண்டின் சட்ட விதிகள் வரையறுத்தன. தாய்மொழியன்றி வேறறியாதவன் முன்னோர் வாழ்ந்த மண்ணிலேயே நிலம் வாங்க இயலாதவனானான். ஆசிரியர் என்ற முறையில் சாபாவும் அவ்வாணைக்குக் கட்டுப்பட்டவரே.

பள்ளி மறுத்த இடத்தை இதழ் தந்தது. மற்றோர் ஆசிரியரான ஆண்டர்சு லார்சன் 1904 முதல் நடத்திய சாமி மொழி இதழில், 1906 ஏப்ரல் முதல் நாளன்று சாபாவின் சாமி இனப் பாட்டு வெளிவந்தது. வடபுலத்தின் மலையையும் நீரையும் புகழ்ந்து, பகைவரையும் வஞ்ச வணிகரையும் தாங்கி நின்ற முன்னோரின் உறுதியை அது நினைவூட்டியது. அதே ஆண்டில் தொழிற்கட்சி சார்பில் வென்று, நார்வே நாடாளுமன்றம் புகுந்த முதல் சாமி உறுப்பினரானார் சாபா. 1912 வரை அப்பொறுப்பில் இருந்தார். அரசின் போக்கை மாற்றும் வலிமை அவ்வொருவர் குரலுக்கு இல்லை. இதழும் 1911இல் நின்றது. தம் மக்களின் கதைகளையும் இசையையும் தொகுத்து வைத்த அவர், 1921 ஜூன் முதல் நாள், 45ஆம் அகவையில் மறைந்தார்.

விதைத்தவர் காணாத விளைச்சல் பின்னரே வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் சாமி மொழியில் கற்பிக்க வழிவிட்டது. 1986இல் சாமி மக்களின் மாநாடு சாபாவின் பாட்டை இனப்பண்ணாக ஏற்றது. 1989இல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் தொடங்கியது. 1992இல் குறிப்பிட்ட வட்டாரங்களில் அம்மொழி நார்வே மொழியோடு ஒத்த நிலை பெற்றது. பழைய கொடுமைகளை ஆராய்ந்த ஆணையம் 2023இல் அறிக்கை அளித்தது. 2024இல் நார்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது.

எனினும் இழந்த தலைமுறைகளை மன்னிப்பு மீட்டுத் தராது. சாபாவின் வடசாமி மொழி ஓரளவு வலுவோடு நிற்க, தென்சாமியையும் லூலே சாமியையும் பேசுவோர் மிகச் சிலரே. பள்ளி வாயிலில் நிறுத்தப்பட்ட மொழி வீட்டு வாயிலையும் இழக்க நெடுநாள் ஆவதில்லை. அதனை உணர்ந்து, திறந்திருந்த சிறு வழிகளிலெல்லாம் தம் மொழியைச் செலுத்தியதே சாபாவின் பெருமை.