நைட்டிங்கேல் அம்மையார் வரைந்த படம்

குன்னூரை அடுத்து, பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ஓர் உயர்ந்த இடத்திற்கு 'லேடி கானிங் ஸீட்' என்று பெயர். அப்பெயருக்குரிய சார்லட் கானிங் சீமாட்டியார், கவர்னர் ஜெனரலாயிருந்த கானிங் பிரபுவின் மனைவியார். 1858-ல் நீலகிரிக்கு வந்து தங்கி, அம்மலையின் காட்சிகளையும் மலர்களையும் ஓவியமாகத் தீட்டியவர். இவர் இந்தியாவுக்கு வருமுன், இலண்டனில் ஹார்லி தெருவிலிருந்த பெண்டிர் மருத்துவ நிலையமொன்றின் மாதர் குழுவுக்குத் தலைவியாயிருந்தார். அக்குழு 1853-ல் நிலையத்தின் மேற்பார்வைக்கென ஒரு நங்கையைத் தெரிந்தெடுத்தது. அவரே பிளாரென்ஸ் நைட்டிங்கேல்.

இவ்வம்மையார் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரிற் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. செல்வக் குடியினர். தந்தையாரே ஆசிரியராயிருந்து பன்மொழிகளையும் பயிற்றுவித்தார். பதினாறாம் வயதில், 1837-ல், கடவுள் தம்மைத் தம் ஊழியத்திற்கு அழைத்தார் என்னும் உணர்வு அவருள்ளத்தே எழுந்தது. எத்தகைய ஊழியம் என்பதோ நெடுங்காலம் விளங்கவில்லை. நோயாளரைப் பேணுதலே அது எனத் தெளிந்தபோது, குடும்பத்தார் அதனை இழிதொழிலெனத் தடுத்தனர். 1851-ல்தான் ஜெர்மனியில், கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில், பிளீட்னர் போதகர் நடத்திய திருப்பணிப் பெண்டிர் இல்லத்தில் முறையான பயிற்சி பெற்றார்.

1854-ல் இங்கிலாந்து கிரிமியாப் போரில் இறங்கிற்று. அதுவரை நடந்த போர்களுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இப்போரைப் பொதுமக்கள் தத்தம் வீட்டிலிருந்தே கண்டனர். 'டைம்ஸ்' நிருபர் ரஸ்ஸல் களத்திலிருந்து எழுதினார். 1842-ல் தோன்றிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' படங்களை அச்சிட்டது. வில்லியம் ஸிம்ப்ஸன் என்னும் ஓவியர், பிணியுற்ற வீரர் பாலக்லாவாத் துறையில் கப்பலேற்றப்படுவதை வரைந்தார். போரினின்று மீண்ட அவ்வீரர் கருங்கடலைக் கடந்து சேர்ந்த இடம், ஸ்கூட்டாரியில் மருத்துவமனையாக மாற்றப்பட்ட பெரியதொரு துருக்கிப் படைவீடு. அங்குக் கட்டுத்துணியும் படுக்கையும் போதா என்ற செய்தி இங்கிலாந்தைக் கலக்கிற்று. போர் அமைச்சர் ஸிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளின்படி நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் நவம்பர் 4-ந் தேதி அங்குச் சென்றிறங்கினார்.

1855 பிப்ரவரி 24-ந் தேதிய இதழில், கையில் விளக்கேந்தி நோயாளரிடையே அவர் நிற்கும் படம் வெளியாயிற்று. அன்றுதொட்டு அவர் கைவிளக்கேந்திய காரிகையானார். பின்னோர் வரைந்த படங்கள் பலவற்றில் அவர் கையிலிருப்பது பழங்காலத்து அகல்; உண்மையில் அவர் ஏந்தியது மடிப்புடைய துருக்கிக் காகிதக் கூண்டு விளக்கு. ஓவியர்க்கு அது அழகாகத் தோன்றவில்லை போலும்!

ஆயின் அப்படம் காட்டாதது ஒன்றுண்டு. அது வெளியான அதே பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் இறப்பு நூற்றுக்கு 42 என்னும் அளவை எட்டியிருந்தது. அம்மையார் சமையலறையைத் திருத்தினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், தாமே பொருள் வாங்கிக் கொடுத்தார், இரவெல்லாம் விழித்திருந்தார். வீரர் மாண்டுகொண்டேயிருந்தனர். மார்ச்சு மாதத்தில் ஸதர்லாந்து முதலிய சுகாதார ஆணையாளர் வந்து, கட்டடத்தின்கீழ் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைத் துப்புரவு செய்வித்தனர். குடிநீர் வாய்க்காலினின்று குதிரைப் பிணமொன்றை அகற்றினர். கோடையில் இறப்பு நூற்றுக்கு 2 அளவாக இறங்கிற்று.

இதன் முழுப்பொருளும் அம்மையார்க்கு அங்கே புலப்படவில்லை. 1856-ல் வரவேற்புகளுக்கு ஒதுங்கி, வேறொரு பெயரில் ஊர் திரும்பியபின், வில்லியம் பார் என்னும் கணக்கறிஞருடன் அமர்ந்து இறந்தோர் தொகையை ஆராய்ந்தபோதே புலப்பட்டது. ஆங்கிலப் படையில் காயத்தாலும் களத்திலும் மாண்டோர் 5,000-க்கும் குறைவு. நோயால் மாண்டோரோ 16,000-க்கு மேல். தம் கண்முன் உயிர்விட்டவருட் பலர் பிழைத்திருக்கக்கூடியவர் என்பதை எண்களே அவருக்கு உரைத்தன. அவ்வறிவைத் தாங்குதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அவர் அழுதுகொண்டிருக்கவில்லை, தாமும் ஒரு படம் வரைந்தார். வட்டத்தைப் பன்னிரு மாதங்களாகப் பகுத்து, காயத்தால் இறந்தோரைச் சிவப்பிலும், தடுக்கக்கூடிய நோயால் இறந்தோரை நீலத்திலும், ஏனையோரைக் கருமையிலும் காட்டினார். நீலம் ஏனைய நிறங்களை விழுங்கி நின்றது. பட்டியலைப் படியாத அமைச்சரும் படத்தைப் பார்ப்பர் என்பது அவர் கருத்து. 1858-ல் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. கணக்கிற்கு அஞ்சி இலக்கியத்தைப் புகலடைந்த எம்போன்றார்க்கு இச்செய்தி சிறிது நாணம் தருவதே.

தம் உருவத்தை எவரும் வரைவதை அவர் விரும்பினாரல்லர். பத்திரிகை அவரை வரைந்தது. அவர் இறந்தோரை வரைந்தார். இவ்விரண்டனுள் மிகுதியான உயிர்களைக் காத்தது பின்னதே என்பேன்.

1857-ல் இந்தியாவில் கலகம் மூண்டபோது, அழைத்தால் வருவதாகக் கானிங் சீமாட்டியார்க்கு எழுதினார், அழைப்பு வரவில்லை. இந்நாட்டைக் காணாமலே இதற்காக உழைத்தார். 1859-ல் அமைந்த அரசவைக் குழுவுக்கெனப் படைவீடுகள்தோறும் வினாத்தாள் சென்றது. வெள்ளைப் படையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை 1863-ல் வெளியான அறிக்கை காட்டிற்று. அம்மையாரின் குறிப்புரையோ, அவர்தம் உறவினரான ஹிலரி பானம் கார்ட்டர் வரைந்த படங்களுடன் வந்தது.

அக்காலத்து அதிகாரிகட்கு நீலகிரியே பெருமருந்தாகத் தோன்றிற்று. ஜக்கதளாவில் 1850-களிற் பெரும் படைவீடு எழுந்தது; குன்னூரிலிருந்து உதகைக்குப் புகைவண்டியிற் செல்வோர் இன்றும் வெல்லிங்டன் என்னும் பெயருடன் அதனைக் காணலாம். படையில் மூன்றிலொரு பங்கை மலைகளில் வைக்கலாம் என்று குழுவும் கருதியது. அம்மையார் மலையின் நலத்தை மறுத்திலர். எனினும், சாக்கடையைத் திருத்தாமல் மலைக்காற்றை மட்டும் நம்புதல் காவலாகாது என்றும், மலையிலும் அழுக்குச் சேருமிடத்தே நோய் சேரும் என்றும் உரைத்தார். ஸ்கூட்டாரியிற் கற்ற பாடம் அது. 1864-ல் சென்னை, கல்கத்தா, பம்பாய் மாகாணங்களிற் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுக்குள் படையின் இறப்பு ஆயிரத்துக்கு 18 ஆயிற்று என அவரே கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் அவர் கவனம் படையினரைக் கடந்து குடியானவர்பாற் சென்றது. 1876-78-ம் ஆண்டுகளின் சென்னைப் பஞ்சத்தின்போது, ஆர்தர் காட்டனுடைய நீர்ப்பாசனத் திட்டங்களை ஆதரித்து ஓயாது எழுதினார்.

இவையனைத்தும் பெரும்பாலும் நோய்ப்படுக்கையிலிருந்தே நடந்தன. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தொண்ணூறு வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும் உறவினர் இசையவில்லை. படைவீரர் அறுவர் சுமந்து செல்ல, ஈஸ்ட் வெல்லோ சிற்றூர்க் கோயிலில் பெற்றோரருகே அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள கல்லில் அவருக்கென முழுப்பெயரும் இல்லை; முதலெழுத்து இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.